முத்துக்குளித்துறையில் விசுவாசம்: இயேசுவின் போதனையை ஏற்றது எப்போது, எவ்வாறு?

ஒருவர் இயேசுவின் போதனையை ஏற்றுக்கொண்டார் என்று எதை வைத்துச் சொல்வது? தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டதை வைத்தா, விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பித்ததை வைத்தா, பொருள் விளங்கி மனமாரச் சம்மதித்ததை வைத்தா, பழைய வாழ்க்கையை விட்டு நடந்து காட்டியதை வைத்தா? கிறிஸ்தவ இறையியலில் இந்தக் கேள்வி புதியதல்ல. விசுவாசமும் செயலும் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற விவாதம் பவுலின் நிருபங்களிலும் யாக்கோபின் நிருபத்திலுமே தொடங்கிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அதே விவாதம் ஐரோப்பியத் திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவு நிகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தூத்துக்குடியிலிருந்து வேதாளை, இராமேசுவரம், மன்னார் வரையுள்ள முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்கள் ஏற்றது போதனையையா, பாதுகாப்பையா, ஒரு புதிய தெய்வத்தையா என்ற விவாதம் ஐந்நூறு ஆண்டுகளை நெருங்குகிறது. இந்தக் கரை தந்த விடைகளையும், ஒவ்வொரு விடையும் தடுமாறும் இடங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பாதுகாப்புக்காக வந்த திருமுழுக்கு

மிகப் பரவலான விடை அரசியல் சார்ந்தது. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டிப் பரதவருக்கும் கடற்கரை முஸ்லிம் வணிகருக்கும் மோதல் முற்றியது. ஜோவாம் ட குரூசு என்ற குதிரை வணிகரின் ஆலோசனைப்படி பரதவரின் பட்டங்கட்டிகள் எனப்பட்ட சாதித் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் துணையைக் கேட்டார்கள். துணை கிடைத்தது; அதோடு திருமுழுக்கும் வந்தது. 1535-க்கும் 1537-க்கும் இடையில் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருபதாயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது தலைகளை எண்ணி எழுதிய கணக்கல்ல, மதிப்பீடு என்றே கொள்ள வேண்டும். 1538-இல் இராமநாதபுரம் கரையிலுள்ள வேதாளையில், கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்கு ஆதரவான மரைக்காயர் கப்பற்படையை மார்ட்டிம் அபோன்சோ டி சூசா முறியடித்ததும் அந்த ஏற்பாடு உறுதிப்பட்டது.

இந்த விளக்கத்தை மறுப்பது எளிதல்ல. சேசு சபையாரே தம் கடிதங்களில் இதை ஒளிக்கவில்லை. சபையின் வரலாற்றாசிரியர் கெயோர்க் சுர்ஹாம்மரும், சபைக்கு வெளியிலிருந்து எழுதிய சூசன் பெய்லியும் இந்த நிகழ்ச்சி வரிசையில் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபாடு அதன் பொருளைப் பற்றியது. பட்டங்கட்டிகள் முடிவெடுத்தார்கள், குலம் முழுதும் பின்தொடர்ந்தது. ஆகவே அது சாதியின் முடிவே தவிர மனச்சாட்சியின் முடிவல்ல என்பது ஒரு வாசிப்பு. அக்காலத்தில் திருமணமும் தொழிலும் வழக்குத் தீர்ப்பும் குலத்தின் வழியாகவே நடந்தன. சமயம் மட்டும் தனிமனிதரின் முடிவாக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பிற்கால ஐரோப்பிய அளவுகோல் என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டாவதே நியாயமாகப் படுகிறது. ஆயினும் குலம் எப்படி முடிவெடுத்தது என்பதை மட்டுமே அது விளக்குகிறது. எதை ஏற்றது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதிகாரமும் விசுவாசமும் இந்தக் கரையில் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு வேதாளையே சாட்சி. அங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி வழியில் அகழி வெட்டி, இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகரிடம் வரி கேட்டார். அதனால் சினந்த விஜயநகரத்தின் வடுகப் படை 1549-இல் வேதாளையைத் தாக்கியது. இத்தாலியரான அந்தோனியோ கிரிமினாலி சுவாமியார் கிறிஸ்தவப் பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றிவிட்டுத் தாம் கரையிலேயே நின்றார், அங்கேயே கொல்லப்பட்டார். சேசு சபை அவரைத் தன் முதல் இரத்தசாட்சியாகக் கொண்டாடுகிறது. அவருடைய சாவில் இயேசுவின் போதனை துலங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சாவுக்கு வழிவகுத்தது, இன்னொரு சமயத்தாரின் தீர்த்த யாத்திரைக்கு விதித்த வரி. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்தி நூல்கள் பின்னதை விட்டுவிடுகின்றன, அரசியல் வரலாறுகள் முன்னதை விட்டுவிடுகின்றன.

மனப்பாடமும் கணக்கப்பிள்ளையும்

பிரான்சிஸ் சவேரியார் 1542-இன் இறுதியில் இந்தக் கரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெற்றவர்களுக்குப் போதனை ஏதும் கிடைத்திருக்கவில்லை. அவருடைய முறை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் விரிவாக இருக்கிறது. இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறை மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கினார். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றை மனப்பாடம் செய்வித்தார். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டி, பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளைச் சிலுவையாக மார்பில் மடித்து, நம்புகிறோம் என்று உரக்கச் சொல்வார்கள்.

இது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது. பிள்ளைகளைத் தம் பெற்றோரின் தெய்வச் சிலைகளை உடைக்கத் தூண்டியதையும் அதே கடிதம் பெருமையாகவே சொல்கிறது. இன்று படிக்கும் கிறிஸ்தவருக்கே அது உறுத்தும். ஆனால் எழுத்தறிவு பரவாத சமூகத்தில் எந்த மரபும் முதலில் நாவில்தான் பதியும், பொருள் பின்னால் வரும் என்பதையும் மறக்கலாகாது. தேவாரமும் திருவாசகமும் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, உண்மையில் போதித்தவர்கள் யார் என்பது. சவேரியார் ஓர் ஊரில் தங்கிய நாட்கள் குறைவு. அவர் போன பிறகு செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊர்தோறும் அமர்த்தப்பட்ட கணக்கப்பிள்ளைகள். போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை இவர்களின் சம்பளத்துக்குத் தரும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். அந்தக் கணக்கப்பிள்ளைகள் எந்தச் சொற்களில், எந்த உவமைகளில் போதித்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கரையின் விசுவாசத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் அவர்களே. ஆவணங்களில் அவர்களுக்குக் குரல் இல்லை.

பொருள் விளங்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர் அடுத்து வந்த அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார். 1546-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து 1600-இல் இறந்தவர். தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் வினா-விடையாக அமைந்த கிரீசித்தியானி வணக்கம், 1580-இல் ஒப்புரவுக்கான கொம்பெசியோனாயரு, 1586-இல் அடியார் வரலாறு என்று அச்சிட்டார். இவற்றுள் ஒப்புரவு நூல் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. பத்துக் கட்டளைகளின் வழியே ஒருவர் தம் நடத்தையைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அது கேட்கிறது. குலமாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் இரண்டு தலைமுறைக்குள் தனித்தனியாக மனச்சாட்சிக் கணக்குக் கொடுக்கும் நிலைக்கு அழைக்கப்பட்டார்கள். குலமுடிவு, தனிமுடிவு என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் ஆய்வுகள் இந்த இடைவழியைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

துன்பம் ஒரு சான்றாகுமா?

மனத்துக்குள் நடந்ததை ஆவணம் காட்டாது என்றால், விலை கொடுக்க நேர்ந்தபோது மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். இதற்கு முன்வைக்கப்படும் முதல் எடுத்துக்காட்டு மன்னார். 1544-இல் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசர் சங்கிலி கொன்றார். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன. திருச்சபை இவர்களை விசுவாசத்தின் சாட்சிகளாகப் போற்றுகிறது. அரசரின் கண்ணில் அது எதிரிக்குப் பணிந்த குற்றம். பெரும்பாலோருக்குப் புதிய சமயத்தைக் கற்றுக்கொள்ளச் சில மாதங்களே கிடைத்தன. அவர்களுடைய உறுதியைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் போதனையை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதை அந்தச் சாவிலிருந்து அளவிட முடியாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு வலுவானது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் கைமாறின. முத்துக்குளிப்பின் மேலாண்மை இப்போது சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒல்லாந்தக் கம்பெனியிடம். பாதுகாப்புக்காக மட்டுமே பரதவர் மதம் மாறியிருந்தால், புதிய பாதுகாவலரின் சமயத்துக்கு மாறியிருக்க வேண்டும். அவர்கள் மாறவில்லை. உள்நாட்டு ஊர்களில் தங்கியிருந்த குருக்களைத் தேடிப் போய்ப் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள், திருமணங்களை முடித்தார்கள். முதல் திருமுழுக்குக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பிறகு, கொள்ளுப்பேரன் தலைமுறையில் வெளிப்பட்ட உறுதி இது. பாதுகாப்பு விளக்கம் தொடக்கத்துக்குப் பொருந்துகிறது, 1658-க்குப் பொருந்தவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. குளியாட்கள் இல்லாமல் முத்து இல்லை. ஆதலால் ஒல்லாந்தர் ஓர் எல்லைக்கு மேல் நெருக்கவில்லை, பரதவர் கொடுத்த விலை தோன்றுமளவு பெரிதல்ல என்பது ஒன்று. மற்றது ஆழமானது. அவர்கள் விடாமல் பற்றிக்கொண்டது பனிமய மாதாவையும் திருவிழாவையும் சாதித் தலைவரின் மரியாதைகளையும். கத்தோலிக்கம் அவர்களுடைய சாதி அடையாளமாகவே ஆகிவிட்டிருந்தது என்று சூசன் பெய்லி வாதிடுகிறார். இந்த வாதத்தில் கனம் இருக்கிறது. ஆனால் மாதாவின் மீதுள்ள பற்றையும் இயேசுவின் போதனையையும் அப்படி வெட்டிப் பிரிக்க முடியுமா என்பது ஐயமே. அந்தப் பிரிவினையே ஒல்லாந்த போதகர்களின் வாதம். அதை நடுநிலை அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஓரியூர்: நடத்தையில் ஏற்பது

இராமநாதபுரம் சீமையில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவம் எடுத்தது. மதுரையில் இராபர்ட் தே நொபிலி, பரங்கி வழக்கங்களை விட்டு, பூணூலும் குடுமியும் சாதி ஆசாரமும் சமூக வழக்கங்களே, விசுவாசத்துக்குத் தடையல்ல என்று வாதாடினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைந்தார். பின்னர் 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் விதித்த தடைகளும் 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையும் அந்த இசைவைப் பெருமளவு சுருக்கின. நொபிலியின் வழியில் பண்டாரசுவாமி கோலம் பூண்டு வந்தவர்தான் லிஸ்பனில் பிறந்த அருளானந்தர்.

1693-இன் தொடக்கத்தில் சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். நோய் தீர்ந்த நன்றியே அவரை இழுத்தது என்று சபைக் கடிதங்கள் சொல்கின்றன. ஆனால் திருமுழுக்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது: பல மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். கடலாயி என்று மரபு பெயர் சொல்லும். முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் தலைவெட்டப்பட்டார். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

உடை, உணவு, சாதி எதுவும் மாற வேண்டாம் என்ற மறைபணி, திருமணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இயேசுவின் போதனை வாழ்க்கையில் எங்கே வெட்டும், எங்கே வெட்டாது என்ற கோட்டை மறைபணியாளர்கள் கிழித்தார்கள். திருமணத்தில் அது வெட்டியது, சாதியில் வெட்டவில்லை. தடியத்தேவர் ஏற்ற போதனைக்கான விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள், அந்தப் போதனையை ஏற்காத, கைவிடப்பட்ட மனைவியர். தடியத்தேவர் அரசுரிமை கோரக்கூடியவர் என்பதால் சேதுபதிக்கு அரசியல் அச்சமும் இருந்தது. இவற்றைச் சொல்வதால் அருளானந்தரின் தியாகம் சிறிதாகிவிடாது. மற்றவரின் துயரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஏற்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பதே இதிலிருந்து கிடைப்பது.

இன்று ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் பூசவும் நேர்ச்சை செலுத்தவும் கிறிஸ்தவரல்லாதவர்களும் வருகிறார்கள். அவர்கள் புனிதரின் வல்லமையை நம்புகிறார்கள், திருமுழுக்கைக் கேட்பதில்லை. கச்சத்தீவு அந்தோணியார் விழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகேறுவோரிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. இதைப் போதனையை ஏற்றதாகக் கொள்ள முடியாது. ஆனால் ஏற்பின் எல்லைக்கு முழுக்க வெளியே நிறுத்தவும் முடியவில்லை.

தனிமனித முடிவு என்ற அளவுகோல்

சீர்திருத்தத் திருச்சபைகள் கேள்வியைத் தெளிவாக்கின. கேட்டு, மனந்திரும்பி, தானே முடிவெடுப்பதுதான் விசுவாசம் என்றன. இராமநாதபுரத்தில் சீர்திருத்த மறைபணியாளர் சுவார்ட்சின் பெயர் பள்ளிக்கூடத்தோடு இன்றும் இணைந்திருக்கிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை போன்றோரிடம் அந்த அகப் போராட்டம் இலக்கியமாகவே மலர்ந்தது. வைணவராகப் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், தம் மனமாற்றத்தைத் தாமே எழுதி வைத்தார். ஆனால் படித்தவர் எழுதிய சாட்சியத்தை வைத்து, எழுதாதவர்களின் விசுவாசத்தை அளப்பது சரியல்ல.

சாதியில் கோடு கிழிக்கவும் சீர்திருத்தத் திருச்சபையினரே முயன்றார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்தார். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் சாதியைக் கைவிட மறுத்தவர்களை, உபதேசியார்கள் உட்பட, சபையிலிருந்து விலக்கியது. ஏற்பைச் செயலால் சோதித்த அரிய தருணம் அது. ஆனால் சோதித்தவர்கள் அந்நியர்கள், சம்பளம் கொடுத்தவர்கள். கீழ்ப்படிந்தவரின் மனமாற்றத்தையும் பிழைப்பையும் அங்கே பிரித்தறிய வழியில்லை.

1933-இல் வாஸ்கம் பிக்கெட் வெளியிட்ட கூட்ட மதமாற்ற ஆய்வு இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைக் காட்டிலும், வந்த பின் கிடைத்த போதனையும் வழிபாட்டுப் பழக்கமும் பெரிது என்ற திசையில் அதன் முடிவுகள் இருந்தன. அது மறைபணி அமைப்புகளே நடத்திய ஆய்வு என்பதால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனாலும் முத்துக்குளித்துறையின் நீண்ட வரலாறு அதற்கு இசைவாகவே இருக்கிறது.

திருமுழுக்கு இல்லாமல் இயேசு

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. திருமுழுக்குப் பெற்றும் போதனையை ஏற்காதவர் உண்டென்றால், போதனையை ஏற்றுத் திருமுழுக்குப் பெறாதவரை எங்கே வைப்பது? 1820-இல் ராஜா ராம்மோகன் ராய் இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டபோது, அற்புதங்களையும் மீட்பையும் விட்டுவிட்டு அறத்தை மட்டும் எடுப்பது கிறிஸ்தவம் ஆகாது என்று செராம்பூர் மார்ஷ்மன் மறுத்தார். மலைப்பொழிவைத் தலைமேல் கொண்ட காந்தியடிகள் திருச்சபைக்குள் வர மறுத்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த செஞ்சையாவும், சென்னையின் வெங்கல் சக்கரையும் அவர்களது நண்பர்களும் 1938-இல் வெளியிட்ட நூல், திருச்சபை அமைப்பைவிட இயேசுவே முதன்மை என்று வாதிட்டது.

இது மேட்டிமையோரின் விவாதம் மட்டுமல்ல. 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த சிவகாசியில், குடும்பத்துக்குள் இருந்துகொண்டே திருமுழுக்கின்றி இயேசுவை வழிபட்ட நாடார் குலப் பெண்களைப் பற்றி எலிசா கென்ட் ஆராய்ந்திருக்கிறார். திருமுழுக்கு வாங்கினால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் பெண்ணுக்கு, பகிரங்க அறிக்கை என்ற அளவுகோல் ஆணுக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு கடினமானது. ஏற்பை அளக்கும் முறைகள் எல்லாமே வீட்டுத் தலைவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதை இந்தப் பெண்களின் வாழ்க்கை காட்டுகிறது. மறுபக்கம், கூடி வழிபடாத, அப்பம் பகிராத விசுவாசம் இயேசு உருவாக்கிய சீடர் கூட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்ற இறையியலாளரின் ஆட்சேபத்தையும் தள்ளிவிட முடியாது.

தீராதவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, ஏற்பு ஒரே நாளில் நிகழும் சம்பவம் என்ற எண்ணம் இந்தக் கரையின் வரலாற்றோடு ஒட்டவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 1536-இன் நோக்கத்தை எவ்வளவு துருவினாலும் 1658-இன் உறுதி அதிலிருந்து கிடைக்காது. மதமாற்றத்தின் நோக்கத்தையே துருவும் இன்றைய அரசியல் வாதங்களும், தமிழகத்தில் 2002-இல் வந்து பின் திரும்பப் பெறப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போன்றவையும், அந்த முதல் நாளையே முழுக் கதையாக எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் காலம் நீண்டதால் போதனை முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. பழைய இராமநாதபுரம் பகுதிக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேவிட் மோஸ், சமயத்தையும் சமூக வழக்கத்தையும் பிரித்த நொபிலி மரபு சாதிக்குத் திருச்சபைக்குள் இடம் கொடுத்ததையும், அதே பிரிவினை பின்னாளில் சாதியைக் கேள்வி கேட்கவும் தலித் கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்ததையும் 2012-இல் வெளிவந்த நூலில் காட்டுகிறார். திருவிழா மரியாதை, கோயிலில் இருக்கை, கல்லறைத் தோட்டம் என்று அவர்கள் எழுப்பிய கோரிக்கைகள் இயேசுவின் பெயராலேயே எழுப்பப்பட்டவை. தமிழகத்தின் பல பங்குகளில் அவை இன்னும் முடியாத வழக்குகள். அயலானை நேசிக்கச் சொன்ன போதனையை யார் ஏற்றார்கள், யார் இன்னும் ஏற்கவில்லை என்று கேட்கும் உரிமை, ஏற்பின் சான்றிதழ் வழங்கிவந்த குருக்களிடமிருந்தும் சாதித் தலைவர்களிடமிருந்தும் நகர்ந்து இவர்களிடம் வந்திருக்கிறது.

பரதவரின் கதை ஓரளவாவது ஏடுகளில் இருக்கிறது. வேதாளைக்கும் பாம்பனுக்கும் இடையே வாழ்ந்த கடையரின் விசுவாச வரலாறோ பிறருடைய கடிதங்களின் ஓரங்களில் மட்டுமே வருகிறது. பங்குப் பதிவேடுகளும் ஊர் வாய்மொழியும் சேர்த்துப் படிக்கப்படும்போது, இங்கே எடுத்துச் சொன்ன விளக்கங்களில் எவை நிற்கும் என்பது தெரியவரலாம். இன்று இதே கடலோர ஊர்களில் பெந்தெகொஸ்தே சபைகள், குலமாக வந்த விசுவாசம் போதாது, ஒவ்வொருவரும் புதிதாக ரட்சிக்கப்பட வேண்டும் என்கின்றன. ஐந்நூறு ஆண்டு கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பிள்ளை அந்த அழைப்பை ஏற்கும்போது, அது முன்னோரின் ஏற்பை மறுப்பதாகுமா, அதன் தொடர்ச்சியாகுமா என்பது வீடுகளுக்குள்ளேயே விவாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.